மெதுவாகச் சாப்பிடும் பிள்ளை: உணவுக்குழாயின் நாட்பட்ட அழற்சியும் அதன் சிக்கல்களும் – நிகழ்வு ஆய்வு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம், இலங்கையின் கிழக்கே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கரையோர ஊர் ஒன்றிலிருந்து 12 வயதுச் சிறுவன் ஒருவனை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வைத்து அதற்குள் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். இருமல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, குரல் தெளிவாக இருந்தது. பகல் சாப்பாட்டில் விழுங்கிய மாட்டிறைச்சித் துண்டு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் அப்படியே திரும்பி வந்தது. எங்கே நிற்கிறது என்று கேட்டதும் நெஞ்செலும்பின் நடுவில் விரலை வைத்துக் காட்டினான்.

இங்கே நான் எழுதுவது தனியொரு பிள்ளையின் நோய்க்குறிப்பு அல்ல. ஒரே நோயுடன் வரும் பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி ஒருவனாக எழுதியிருக்கிறேன். ஈசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் உணவுக்குழாயின் உட்தோலில் சேர்வதால் வரும் இந்த நோய்க்கு ஈசினோபில் உணவுக்குழாய் அழற்சி என்று பெயர். இதைப் பற்றி நம் பகுதியில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தெரிந்திருப்பது மிகக் குறைவு. பிந்திக் கண்டுபிடிப்பதால் வரும் சேதமோ பெரியது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் சில மணித்தியாலங்கள்

குரலும் மூச்சும் சீராக இருந்ததால், துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை என்று தெரிந்தது. ஆனால் சொந்த எச்சிலையே விழுங்க முடியாத நிலை, உணவுக்குழாய் முற்றாக அடைபட்டதன் அடையாளம். இப்படி எச்சில் வடியும் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் என்டொஸ்கோபி (வாய் வழியாகக் கமராக் குழாயை இறக்கிப் பார்ப்பது) செய்ய முயல வேண்டும். எச்சிலை விழுங்கக்கூடிய பிள்ளை என்றால் 24 மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு.

வீட்டில் அதற்குள் பலதும் செய்து பார்த்திருந்தார்கள். சோற்றை உருட்டி விழுங்க வைத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள். இறைச்சி வேகுவதற்குப் பப்பாசிக்காய் போடுவதுபோல, பப்பாசிச் சாறு கொடுத்தால் துண்டு கரைந்துவிடும் என்று மூத்தம்மா சொன்னாராம். நல்லவேளையாகப் பப்பாசி கிடைக்கவில்லை. பப்பாசியில் உள்ள பப்பெயின் என்ற நொதியம் இறைச்சியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைப்பதில்லை. அழற்சியுற்ற குழாய்ச் சுவரையும் அரித்து ஓட்டை போட்டுவிடலாம். அந்த மருத்துவத்தை வைத்தியர்கள் கைவிட்டு நெடுங்காலமாகிறது. மேலே மேலே சோற்றை அனுப்புவதால் அடைப்பின் நீளம்தான் கூடும். சோடாவும் உதவுவதில்லை. 2023 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், உணவு சிக்கிய வளர்ந்தோரில் கோலா குடித்தவர்களும் குடிக்காதவர்களும் ஒரே அளவிலேயே தேறினார்கள்.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியத் திரவத்தைக் குடிக்கவைத்துப் படம் எடுக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அடைபட்ட நேரத்தில் அது கூடாது. குடித்தது இறங்காமல் சுவாசப்பைக்குள் போகலாம். பின்னர் கமராவால் பார்க்கும்போதும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். சிறுவனை மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் இட்டுப் பாதுகாத்த பிறகே என்டொஸ்கோபி செய்யப்பட்டது.

உணவுக்குழாயின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே, ஒரு மூட்டைப்பூச்சி அளவு கூட இடைவெளி இல்லாமல், இறைச்சி இறுகி நின்றது. அதைத் துண்டு துண்டாக எடுத்த பின்னர்தான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. சுவரில் நீளவாட்டில் பள்ளங்கள் ஓடின. வெண்ணிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. இரத்த நாளங்கள் தெரியாதபடி உட்தோல் வீங்கி வெளிறியிருந்தது. குறுக்கே வளையம் வளையமாகத் தடிப்புகள். கீழ் மூன்றிலொரு பகுதியில் குழாய் சுருங்கியிருந்தது; 9 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள வழமையான கருவி அதற்குள் இறங்க மறுத்தது. 6 மில்லிமீற்றர்க் கருவி இறங்கியது, ஆனால் போகும் வழியில் உட்தோல் நனைந்த கடதாசிபோல ஓரிடத்தில் கிழிந்தது. ஆழமான கிழிசல் அல்ல. இருந்தாலும் கழுத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து, ஓட்டை இல்லை என்று உறுதிசெய்த பிறகே மறுநாள் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த மயக்கத்திலேயே மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் இருந்து ஆறு சிறு உட்தோல் துணுக்குகள், நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக, எடுக்கப்பட்டன. இரைப்பையிலிருந்தும் முன்சிறுகுடலிலிருந்தும் தனியாக எடுத்தார்கள். என் பார்வையில் அன்று நடந்த மிகப் பெறுமதியான வேலை இதுதான். சிக்கியதை எடுத்துவிட்டு, "இனிமேல் நன்றாக மென்று சாப்பிடு" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது உலகெங்கும் நடக்கிறது. துணுக்கு எடுக்காவிட்டால் இந்த நோயைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் உணவுக்குழாயிலும் நோய் இருக்கலாம் என்பதால், பார்வையை மட்டும் நம்பவும் முடியாது.

தட்டில் தெரிந்த நோய்

விழுங்குவதில் கஷ்டம் இருந்ததா என்று சிறுவனிடம் கேட்டோம். இல்லை என்றான். பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்த விழுங்குதல் அதுதான். அதனால் கேள்வியை மாற்றி, மகன் ஒரு நேரச் சோற்றை எப்படிச் சாப்பிடுவான் என்று உம்மாவிடம் கேட்டோம்.

அவர் சொல்லச் சொல்ல நோயின் முழுக் கதையும் வந்தது. சோற்றில் பருப்பையும் ஆணத்தையும் ஊற்றிக் கூழாகும்வரை பிசைவான். சிறு உருண்டையாக வாயில் வைத்து நீண்ட நேரம் மெல்லுவான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர். மற்றவர்கள் கைகழுவி எழுந்த பின்னும் அவன் தட்டில் பாதி இருக்கும். இறைச்சியை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டு நாரைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பான். பாணின் கரையைக் கிழித்துப் போட்டுவிட்டு நடுப்பகுதியைத் தேநீரில் தோய்ப்பான். றொட்டி தொடமாட்டான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் குளிசையை நான்காக உடைத்துத் தேனில் கரைத்தால்தான் இறங்கும். நோன்புக் கஞ்சி மட்டும் இரண்டு கோப்பை குடிப்பான். அடியில் கிடக்கும் இறைச்சித் துண்டுகள் அப்படியே மிஞ்சும்.

கல்யாண வீடுகளில் சஹனில் உட்காரமாட்டான். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து சாப்பிடும்போது அவனால் அவர்களுடைய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பெரியவர்கள் அவனுக்காகக் காத்திருப்பதும் "சாப்பிடு மகன், சாப்பிடு" என்று ஏவுவதும் அவனுக்குப் பெரிய வெட்கம். அதனால் தண்ணீர்க் கூசாவைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு திரிவான். பணிவான பிள்ளை என்று ஊரில் பெயர். வாப்பாவோ, செல்லம் கொடுத்ததால் சாப்பாட்டில் அடம்பிடிக்கிறான் என்று நினைத்திருந்தார். சில நாட்கள் அடித்துமிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது.

இந்த நோயுள்ள பிள்ளைகள் தங்களை அறியாமலே கற்றுக்கொள்ளும் வித்தைகள் இவைதான்: தண்ணீரால் தள்ளுவது, உணவைக் கூழாக்குவது, சாப்பாட்டை இழுத்தடிப்பது, கெட்டியானதை ஒதுக்குவது, அளவுக்கு மீறி மெல்லுவது, குளிசைக்கு மறுப்பது. நோயின் அளவைக் கணிக்க வேண்டுமானால் இவற்றைத்தான் கேட்க வேண்டும். சோறும் ஆணமும், கஞ்சியும், இடியப்பமும் சொதியும் நம் அன்றாட உணவு. எல்லாமே வழுக்கி இறங்குபவை. நம் சமையல் இந்த நோயை வருடக்கணக்கில் மறைத்து வைத்துவிடும் என்பதை வைத்தியர்கள் மறந்துவிடக் கூடாது.

முன்கதையும் அதே திசையையே காட்டியது. கைக்குழந்தையாக இருக்கும்போது கரப்பான் என்ற தோல் அரிப்பு. இரண்டு வயதிலிருந்து முட்டு வருத்தம் (ஆஸ்துமா). இப்போதும் பம்ப் பயன்படுத்துகிறான். மூன்று வயதளவில் பால்மா குடித்த பின் அடிக்கடி சத்தி, வயிற்று நோவு. அமிலம் மேலெழுவதற்கான மருந்து கொடுக்கப்பட்டு விட்டுவிட்டுத் தொடர்ந்தது. நிறை குறைவு என்று கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கொடுத்தார்கள். பத்து வயதில் ஒருநாள் பேரீச்சம்பழம் நெஞ்சில் நின்று, பிறகு தானாக இறங்கியது. இன்னொரு நாள் மீன் சாப்பிடும்போது தொண்டையில் ஏதோ நின்றது. கரையோர ஊரில் தொண்டையில் எது நின்றாலும் அது மீன்முள்தான். முள்ளைத் தேடிப் பார்த்தார்கள், இல்லை என்றதும் விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. பூச்சியாலும் ஒவ்வாமையாலும் கூடும் ஈசினோபில், இரத்தப் பரிசோதனையில் கூடியிருந்தது பழைய கிளினிக் துண்டுகளில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது நியாயமான முதற்படி. ஆனால் பூச்சி மருந்துக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாத, முட்டும் கரப்பானும் உள்ள, மெலிந்த பிள்ளையிடம் அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அனுமதிக்கும்போது நிறை 27 கிலோகிராம், உயரம் 141 சென்ரிமீற்றர், உடற்திணிவுச் சுட்டி 13.6. அந்த வயதுக்கு இது தெளிவான மெலிவு.

நுணுக்குக்காட்டி சொன்னது

உணவுக்குழாயின் உட்தோலில் சாதாரணமாக ஈசினோபில் கலம் ஒன்றுகூட இருக்காது. நுணுக்குக்காட்டியின் உயர்பெருக்கப் புலம் ஒன்றில் (பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரே பார்வையில் தெரியும் பரப்பில்) 15 அல்லது அதற்கு மேல் இருந்து, விழுங்கல் கோளாறும் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் அதுவே ஈசினோபில் உணவுக்குழாய் அழற்சி. இந்தச் சிறுவனுக்கு மேற்பகுதியில் 48, கீழ்ப்பகுதியில் 62. உட்தோலுக்கு அடியில் நார்த்திசு படியத் தொடங்கியிருந்தது. இரைப்பையும் சிறுகுடலும் சாதாரணமாக இருந்தன.

1990களின் முற்பகுதி வரை இதைத் தனி நோயாக எவரும் விவரிக்கவில்லை. அமிலம் மேலெழுவதன் இன்னொரு முகம் என்றே எண்ணினார்கள். 1995 இல் அமெரிக்காவில், அமில மருந்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தேறாத பிள்ளைகள் உட்பட 10 பேருக்கு, வழமையான உணவை நிறுத்தி அமினோ அமிலத்தால் ஆன பானத்தை மட்டும் கொடுத்தபோது எட்டுப் பேருக்கு அறிகுறிகள் முற்றாக நீங்கின. மற்ற இருவருக்கும் குறைந்தன. உணவில் உள்ள புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பே மூலகாரணம் என்பது அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. இந்த எதிர்ப்பு, இறால் தின்றவுடன் தடிப்பு எழும் ஒவ்வாமை போன்றதல்ல. மெதுவாக, மாதக்கணக்கில் நடப்பது. அதனால் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை குற்றவாளி உணவை நம்பகமாகக் காட்டித்தராது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது.

சிக்கல்கள் ஏன் வருகின்றன

ஓயாத அழற்சி கடைசியில் தழும்பாகும். ஆரம்பத்தில் வீக்கமும் பள்ளங்களும் மட்டும். மருந்துக்கு முற்றாக அடங்கும். வருடங்கள் போகப் போக நார்த்திசு கூடி, குழாய் நெகிழ்வை இழந்து, வளையமாகி, சுருங்கிவிடுகிறது. 2013 இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: அறிகுறி தொடங்கி இரண்டு வருடங்களுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கே குழாய் சுருங்கியிருந்தது, இருபது வருடங்களுக்கு மேல் தாமதித்தவர்களில் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. நம் சிறுவன் மூன்று வயதில் சத்தி எடுக்கத் தொடங்கியவன். ஒன்பது வருடம்.

உணவு சிக்குவதும் குழாய் சுருங்குவதும் எல்லாரும் அறிந்த சிக்கல்கள். குழாய் கிழிவது அரிது, ஆனால் உயிராபத்தானது. சிக்கிய பிள்ளை பலமாக ஓங்காளித்துச் சத்தியெடுக்க முயலும்போது அது நடக்கலாம். திடீரெனக் கடும் நெஞ்சு நோவும், காய்ச்சலும், கழுத்துத் தோலின் கீழ் நறுநறுப்பும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் தொல்லை வேறு வடிவில் வரும்: உணவையே வெறுப்பது, வாயைத் திறக்க மறுப்பது, கெட்டி உணவுக்கு மாறாமல் பாலிலேயே நிற்பது, நிறை ஏறாமை. அந்த வெறுப்பு, அழற்சி மாறிய பின்னும் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புற்றுநோயாக மாறுமா என்று பெற்றோர் தவறாமல் கேட்பார்கள். இந்த நோய் அப்படி மாறுவதாக அறியப்படவில்லை. அதைத் தயங்காமல், முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சை

மூன்று வழிகள் உண்டு: அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்து, விழுங்கும் ஸ்டீரொயிட், உணவு விலக்கு. ஏற்கெனவே சுருங்கிய குழாய்க்கு ஸ்டீரொயிட்டை முன்னே வைப்பதே நல்லது. முட்டுக்கு நெபுலைசரில் இழுக்க வரும் புடெசொனைட் என்ற ஸ்டீரொயிட் திரவத்தைத் தடித்த ஒன்றில் குழைத்து விழுங்கவைத்தால் அது குழாய்ச் சுவரில் பூசியதுபோல் படியும். சுக்ரலோஸ் என்ற இனிப்புத் தூளில் குழைப்பதே வழக்கம். இந்த வீட்டில் தேனில் குழைத்தார்கள். காலையில் 1 மில்லிகிராம், இரவில் 1 மில்லிகிராம். விழுங்கிய பின் அரை மணித்தியாலம் தண்ணீரும் கூடாது. பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயிலும் உணவுக்குழாயிலும் கன்டிடா பூஞ்சை வளரும்.

இதோடு பாலையும் நிறுத்தினோம். குற்றவாளியாகக் கூடிய உணவுகள் பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகைகள், கடலுணவு என்று ஆறு. ஆறையும் ஒரேயடியாக நிறுத்துவது கடற்கரையோரத்து வீடொன்றில் அநேகமாகப் பட்டினி போடுவதற்குச் சமம். இவனோ ஏற்கெனவே மெலிந்தவன். 2023 இல் வளர்ந்தோரிடம் செய்து வெளியிட்ட ஆய்வில் ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதத்தினரும் பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதத்தினரும் தேறினார்கள், வேறுபாடு பெரிதல்ல. பாலில் தொடங்குவது பிள்ளைக்கும் வீட்டுக்கும் தாங்கக்கூடியது.

பால் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை உம்மாவுடன் இருந்து எழுதியது ஒரு முழுக் காலைப் பொழுது. பால்மாத் தேநீர், எருமைத் தயிர், நெய், ஐஸ்கிறீம் என்பவை தெரிந்தவை. பிஸ்கட், பட்டர் கேக், சொக்லேட், சில மாஜரின் வகைகள், மோல்ட் பானங்கள் என்பவற்றின் பொதியை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கை குடிக்கும் திரிபோஷாவிலும் பால்மா உண்டு. தேங்காய்ப்பாலுக்குத் தடை இல்லை என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. ஆணமும் சொதியும் வட்டிலாப்பமும் தப்பின. பால் போனால் கல்சியம் குறையும். கீரையும், கருவாட்டு நெத்தலியை வறுத்து இடித்த தூளும் அதற்கு ஓரளவு ஈடு.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடி துணுக்கு எடுத்தபோது ஈசினோபில் எண்ணிக்கை 6 ஆகவும் 9 ஆகவும் இறங்கியிருந்தது. அழற்சி அடங்கியது, தழும்பு அடங்கவில்லை. கொழும்பில் பலூன் வைத்துக் குழாய் விரிக்கப்பட்டது: முதல் தடவை 12 மில்லிமீற்றர் வரை, அடுத்த தடவை 15. ஒரே நாளில் முழுதாக விரிப்பது ஆபத்து. கவனமாகச் செய்தால் ஓட்டை விழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஓரிரு நாள் நெஞ்சு நோகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டில் எவரும் பதறவில்லை. இதற்காகக் கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்வருவது ஒரு கடைக்காரக் குடும்பத்துக்கு எத்தனை சுமை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். சிறுவர்களுக்கான மெல்லிய கருவியும் அதைக் கையாளும் வைத்தியரும் அருகில் இருப்பது ஆடம்பரம் அல்ல.

பிறகு ஒரு சறுக்கல். சாப்பிடத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஸ்டீரொயிட் என்றால் உடம்பு ஊதும், வளர்ச்சி நிற்கும் என்று அயலவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சில வாரங்களிலேயே தண்ணீர்க் குவளை மறுபடி தட்டின் பக்கத்தில் வந்தது. அவர்களுடைய பயத்தைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான் அது. விழுங்கும் புடெசொனைட்டின் பெரும்பகுதியை ஈரல் உடைத்துவிடுகிறது, இரத்தத்தில் கலப்பது குறைவு. ஆயினும் உயரத்தை அளந்துவருவோம், தேவையானபோது, உடல் தானே சுரக்கும் ஸ்டீரொயிட்டான கோர்ட்டிசோலின் காலை அளவையும் பார்ப்போம் என்று விளக்கினோம். இது நாட்பட்ட நோய். மருந்தையோ உணவு விலக்கையோ விட்டால் அநேகருக்குத் திரும்பிவரும். டுபிலுமாப் என்ற ஊசியை அமெரிக்கா இந்த நோய்க்கு 2022 இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கும், 2024 இல் ஒரு வயதும் அதற்கு மேலும் ஆன, 15 கிலோகிராமாவது நிறையுள்ள பிள்ளைகளுக்கும் அனுமதித்தது. இத்தகைய குடும்பத்தின் கைக்கு எட்டும் விலை அல்ல அது.

நோன்பு வந்தபோது, மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு உம்மாவே வந்தார். நோன்பு பிடிக்கத்தான் வேண்டுமா என்பதை அவனுடைய நிறையைப் பார்த்துப் பேசினோம். ஏறிவந்தது, பிடிக்கட்டும் என்றோம். சஹர் சாப்பாடு முடிந்து, சுபஹுக்குச் சற்று முன் ஒரு தடவை. தராவீஹ் முடிந்து படுக்கப்போகும்போது இன்னொரு தடவை. விழுங்கியபின் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற விதியை நோன்பே காத்துக்கொடுத்தது.

கடைசியாகப் பார்த்தபோது நிறை 32 கிலோகிராம். றொட்டி சாப்பிடுகிறான். இறைச்சியைச் சிறிதாக நறுக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். குழாய் இன்னும் முழு அகலத்துக்கு வரவில்லை. அடுத்த என்டொஸ்கோபியைப் பார்த்துத்தான் பாலைத் திரும்பக் கொடுப்பதா, கோதுமையையும் நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஆறு வயதுத் தம்பிக்கும் கரப்பான் உண்டு; பாண் கரையைக் கிழித்துப் போடுகிறான் என்று உம்மா தானாகவே கவனித்துச் சொன்னார். ஒரே வீட்டில் இருவருக்கு வருவது இந்த நோயில் புதிதல்ல. அவனுக்கும் துணுக்கு எடுத்துப் பார்க்கத் திகதி குறித்திருக்கிறோம்.